போர்க்களத்தின் விதைநெல்

2024 அக்டோபர் 5 அன்று, கிழக்கு உக்ரைனின் கோஸ்தியந்தினிவ்கா நகரத்துக்கு அருகே ரஷ்யப் போர் விமானம் ஒன்று மற்றொரு ரஷ்ய விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. வீழ்த்தப்பட்டது எஸ்-70 ‘அஹோத்னிக்’ என்னும் ஆளில்லாப் போர் விமானம். ரேடாரின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வகையில் ரஷ்யா பல ஆண்டுகளாக உருவாக்கிவந்த அந்த விமானத்தில் ஒருசில மாதிரிகளே இருந்தன. அது கட்டுப்பாட்டை இழந்து உக்ரைன் பக்கம் சென்றதால், எதிரியின் கையில் முழுதாகச் சிக்குவதைவிடத் தாமே அழித்துவிடுவது மேல் என்று ரஷ்யர்கள் முடிவெடுத்ததாகவே வல்லுநர்கள் கருதுகின்றனர். ஆனாலும் அதன் சிதைவுகள் உக்ரைன் வசமிருந்த நிலத்திலேயே விழுந்தன. உக்ரைன் பொறியாளர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக ஆராய்ந்தனர்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுத்தது முதல் ரஷ்யா பல்லாயிரம் வீரர்களைப் பலிகொடுத்துள்ளது. கிடங்குகளில் துருவேறிக் கிடந்த சோவியத் காலத்து டாங்கிகளையும் களத்துக்கு அனுப்பியுள்ளது. அதே நாடு, தன்னிடமுள்ள மிக நவீனமான ஆயுதங்களை எல்லைக்கு உள்ளேயே பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. ரஷ்யா மட்டும் அல்ல. நீண்ட போர்களில் சிக்கிய ஏறத்தாழ எல்லா ராணுவங்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படித்தான் நடந்துகொண்டுள்ளன. வீரர்கள் நாள்தோறும் மடிந்துகொண்டிருக்கும்போது, அவர்களைக் காக்கக்கூடிய ஆயுதத்தை ஒரு ராணுவம் ஏன் பூட்டிவைக்கிறது?

பஞ்ச காலத்தில் விவசாயக் குடும்பம் எதிர்கொண்ட கேள்விக்கு இது ஒப்பானது. வீட்டில் பிள்ளைகள் பசியால் அழும்போது, குதிருக்குள் இருக்கும் விதைநெல்லைக் குத்திச் சமைப்பதா, அடுத்த பருவத்துக்கு வைத்திருப்பதா? சமைத்துவிட்டால் அடுத்த ஆண்டு விளைச்சல் இல்லை. வைத்திருந்தால் இன்றைய பசிக்கு விடையில்லை. அதோடு, பருவம் தப்பிய விதை முளைக்கவும் முளைக்காது. புதிய ஆயுதங்களின் கணக்கிலும் இந்த மூன்று உண்மைகளும் அடங்கியிருக்கின்றன.

ஒருமுறை மட்டுமே கிடைக்கும் பலன்

புதிய ஆயுதத்தின் வலிமையில் பெரும்பகுதி, எதிரி அதை அறியாமல் இருப்பதில்தான் உள்ளது. முதல்முறை பயன்படுத்தியதுமே எதிரி கற்கத் தொடங்கிவிடுகிறான். 2022 ஜூன் மாத இறுதியில் அமெரிக்காவின் ‘ஹைமார்ஸ்’ ராக்கெட் அமைப்பு உக்ரைன் போர்க்களத்துக்கு வந்தபோது, ரஷ்யாவின் வெடிபொருள் கிடங்குகள் ஒவ்வொன்றாக வெடித்துச் சிதறின. சில மாதங்களிலேயே ரஷ்யப் படை தன் கிடங்குகளை அந்த ராக்கெட்டுகள் எட்டும் தொலைவுக்கு அப்பால் நகர்த்தியது, ஜி.பி.எஸ். சமிக்ஞைகளைக் குழப்பவும் கற்றுக்கொண்டது. ஜி.பி.எஸ். உதவியுடன் இலக்கைத் தேடிச் செல்லும் ‘எக்ஸ்காலிபர்’ பீரங்கிக் குண்டுகள் தொடக்கத்தில் பெரும்பாலும் குறிதவறாமல் தாக்கின. பின்னர் அவற்றில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே இலக்கைத் தொட்டதாக, உக்ரைன் ராணுவத்தின் உள்மதிப்பீட்டை மேற்கோள்காட்டி 2024-ல் செய்திகள் வெளியாகின. குண்டு மாறவில்லை, எதிரி மாறிவிட்டான்.

அதனால்தான், கையில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடாமல், போதிய அளவு சேரும்வரை காத்திருந்து ஒரே வீச்சில் தாக்க வேண்டும் என்று ராணுவச் சிந்தனையாளர்கள் வலியுறுத்துகின்றனர். முதல் உலகப் போரில் இதற்கான பாடம் கிடைத்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்துக்கு அருகே ஜெர்மனி முதன்முறையாகப் பெருமளவில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. எதிரணியின் பாதுகாப்பு வரிசையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. ஆனால், ஜெர்மானியத் தளபதிகள் அதை ஒரு சோதனையாகவே கருதியிருந்ததால், உடைந்த வரிசைக்குள் பாய்ந்து முன்னேறப் போதிய துணைப்படை அங்கே இல்லை. அன்று மாலைக்குள் கிடைத்திருக்கக்கூடிய வெற்றி நழுவியது. சில நாட்களில் நேச நாட்டு வீரர்கள் முகத்தில் ஈரத்துணி கட்டக் கற்றார்கள். ஐந்து மாதங்களில் பிரிட்டனும் வாயுவைப் பயன்படுத்தத் தொடங்கியது.

டாங்கியின் கதையும் இதுவே. டாங்கியை உருவாக்கியவர்களுள் ஒருவரான எர்னெஸ்ட் ஸ்விண்டன், அவற்றைச் சிறு எண்ணிக்கையில் களமிறக்கி ரகசியத்தை வீணாக்கக் கூடாது என்று 1916-ன் தொடக்கத்திலேயே எழுதினார். ஆயினும் 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் கைவசம் இருந்த 49 டாங்கிகளும் அனுப்பப்பட்டன. அவற்றில் 32 மட்டுமே புறப்படும் இடத்தை வந்தடைந்தன. பல டாங்கிகள் பழுதாகி நின்றன. சில கிராமங்கள் மட்டுமே வசப்பட்டன, ரகசியம் அம்பலமானது.

ஆனால் தளபதி டக்ளஸ் ஹெய்க்கின் இடத்தில் இருந்து பார்த்தால், மறுபக்கமும் தெரியும். அதே சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர். அந்தக் களத்தில் நின்றுகொண்டு, “நூற்றுக்கணக்கில் சேரட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்று சொல்வது எளிதல்ல. மேலும், டாங்கி எங்கே புதையும், எங்கே பழுதாகும் என்பதைக் களம்தான் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடங்கள் இல்லாமல், 1917 நவம்பரில் காம்பிரேயில் 400-க்கும் மேற்பட்ட டாங்கிகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெருந்தாக்குதல் சாத்தியமாகியிருக்காது.

எதிரியின் கையில் சிக்கும் அச்சம்

எதிரி தற்காத்துக்கொள்ளக் கற்பது ஓர் ஆபத்து. நம் ஆயுதத்தையே கைப்பற்றி, அதைப் படியெடுத்து நம்மீது திருப்புவது அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் உருவாக்கிய எச்2எஸ் ரேடார், இருளிலும் மேகத்திலும் குண்டுவீச்சு விமானங்களுக்குத் தரையைக் காட்டியது. அதன் இதயமான ‘மேக்னட்ரான்’ என்னும் செப்புக் கட்டியை விமானிகளால் எளிதில் அழிக்க முடியாது. ஆகவே எதிரி நாட்டின் மேல் அதைக் கொண்டுசெல்லலாமா என்று கடும் விவாதம் நடந்தது. இறுதியில் 1943 ஜனவரி இறுதியில் அது பயன்படுத்தப்பட்டது. பிப்ரவரி 2-ஆம் தேதியே, அதைச் சுமந்த விமானம் ஒன்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் அருகே வீழ்ந்தது. ஜெர்மானியர்கள் அதை ஆராய்ந்து, அந்த ரேடாரின் அலைகளையே துப்பாகக் கொண்டு விமானங்களைக் கண்டறியும் கருவியை உருவாக்கினர்.

இதே அச்சத்தால்தான் அமெரிக்கா தன் ‘அண்மை உணர் வெடிமுனை’யைக் கடலுக்கு மேல் மட்டும் பயன்படுத்தியது. இலக்குக்கு அருகே சென்றதும் தானாக வெடிக்கும் இந்தச் சிறு ரேடியோ கருவி, 1943 ஜனவரியில் பசிபிக் பெருங்கடலில் முதன்முறையாக ஜப்பானிய விமானம் ஒன்றை வீழ்த்தியது. கடலில் வெடிக்காத குண்டு மூழ்கிவிடும்; நிலத்தில் விழுந்தால் எதிரி எடுத்துக்கொள்வான். அதைப் படியெடுத்தால், அணி அணியாகப் பறக்கும் நேச நாட்டுக் குண்டுவீச்சு விமானங்களுக்கே அது எமனாகிவிடும். ஆகவே, ஐரோப்பிய நிலப்போரில் அதைப் பயன்படுத்த 1944 டிசம்பர் வரை அனுமதி இல்லை. ஜெர்மனி அந்த மாதம் பெல்ஜியத்தில் தன் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடுத்தபோதுதான் அந்தப் பூட்டு திறக்கப்பட்டது. அதற்குள் ஜெர்மனியால் அதைப் படியெடுத்துத் தயாரிக்கக் காலம் மிஞ்சவில்லை. ஒரு ரகசியத்தை எப்போது வெளியிடுவது என்ற கணக்கு சரியாக அமைந்த அரிய தருணம் அது.

இரு தரப்பும் பூட்டிவைத்த ஒரே ரகசியம்

கணக்கு எப்படித் தவறும் என்பதற்கு, இரண்டாம் உலகப் போரின் ‘விண்டோ’ கதையைவிடச் சிறந்த சான்று இல்லை. அது ஒரு பெரும் ஆயுதமே அல்ல. சுமார் 27 சென்டிமீட்டர் நீளமுள்ள, அலுமினியம் பூசிய காகிதக் கீற்றுகள். ஜெர்மானிய ரேடார் அலையின் நீளத்தில் பாதி அளவுக்கு வெட்டப்பட்ட அந்தக் கீற்றுகளைக் கட்டுக்கட்டாக வானில் தூவினால், ரேடார் திரை முழுவதும் போலி விமானங்கள் தோன்றும்; உண்மையான விமானம் எது என்று தெரியாது.

1942-ன் முற்பகுதியிலேயே பிரிட்டனிடம் இது தயாராக இருந்தது. ஆயினும் பயன்படுத்த அனுமதி மறுக்கப்பட்டது. நாட்டின் வான் பாதுகாப்புக்குப் பொறுப்பான போர் விமானப் பிரிவு கடுமையாக எதிர்த்தது. காகிதத்தைக் கண்டதும் ஜெர்மனி அதன் தத்துவத்தைப் புரிந்துகொள்ளும். லண்டன்மீது மீண்டும் குண்டுவீச வரும்போது அதையே தூவும். அப்போது நம் ரேடார்களும் குருடாகும் என்பது அவர்களின் வாதம். பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டமனும் அந்தப் பக்கமே நின்றார்.

ஆச்சரியம் என்னவெனில், ஜெர்மனியும் ஏற்கெனவே அதைக் கண்டுபிடித்திருந்தது. பெர்லினுக்கு அருகே சோதனை நடத்தப்பட்ட இடத்தின் பெயரால் ‘டியூப்பல்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். விளைவைக் கண்டு அஞ்சிய கோரிங், ரகசியம் கசிந்துவிடக் கூடாது என்று ஆய்வையே நிறுத்த உத்தரவிட்டார். இருவரையும் அறியாத ஜப்பானியக் கடற்படையும் தனியே அதே உத்தியைக் கண்டறிந்து, 1943 மே மாதம் சாலமன் தீவுப் பகுதியில் அமெரிக்கர்களுக்கு எதிராகத் தூவியது. ஆக, மூன்று நாடுகள் கண்டறிந்துவிட்ட ஒன்றை, இரண்டு நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன.

இந்த மறைப்பின் விலையைக் கொடுத்தவர்கள் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானிகள். 1943 மார்ச் முதல் ஜூலை வரை ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூர்மீது நடத்தப்பட்ட தாக்குதல்களில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் திரும்பவில்லை. ஒரு பெரிய விமானத்தில் ஏழு பேர் பறப்பார்கள். தங்களைக் காக்கக்கூடிய காகிதக் கட்டுகள் கிடங்கில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

1943 ஜூலையில் சர்ச்சில் அனுமதி தந்தார். ஜூலை 24 இரவு ஹாம்பர்க் நகரை நோக்கிப் புறப்பட்ட 791 விமானங்களில் 12 மட்டுமே வீழ்ந்தன. அதுவரை அந்நகரின் மீதான தாக்குதல்களில் நூற்றுக்கு ஆறு விமானங்கள் வீழ்ந்துவந்தன. அந்த வாரத் தாக்குதல்களிலும் அவற்றில் மூண்ட தீப்புயலிலும் சுமார் 37,000 பேர், பெரும்பாலும் பொதுமக்கள், மாண்டனர் என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றை எழுத வேண்டும். ஒரு பக்கத்து உயிரைக் காத்த கருவி, மறுபக்கத்து நகரத்தைக் காவலின்றி நிறுத்தியது.

பிரிட்டனின் தயக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. காத்திருந்த காலத்தில், கீற்றுகளால் குழம்பாத புதிய ரேடார் பிரிட்டனின் இரவுப் போர் விமானங்களுக்கு வந்துசேர்ந்தது. ஜெர்மனியின் குண்டுவீச்சுப் படை கிழக்கு முனையிலும் மத்தியதரைக் கடலிலும் தேய்ந்தது. ஆகவே, 1944-ன் தொடக்கத்தில் ஜெர்மனி பதிலுக்குக் கீற்றுகளைத் தூவி லண்டனைத் தாக்கியபோது பெரும் பலன் கிட்டவில்லை. மறுபுறம், ஆய்வையே நிறுத்திவிட்ட ஜெர்மனி, ஹாம்பர்க் இரவில் மாற்று வழியின்றித் திகைத்தது. இங்குதான் பாடம் இருக்கிறது. இருவரும் ஒரே ரகசியத்தைப் பூட்டிவைத்தனர். ஒருவர் பூட்டிய காலத்தில் தற்காப்பைத் தேடினார். மற்றவர் சாவியையும் தொலைத்தார்.

கீற்றுகள் தந்த சாதகமும் நிரந்தரமாக இருக்கவில்லை. சில மாதங்களில் ஜெர்மனி, வேறு அலைநீளத்தில் இயங்கும் புதிய விமான ரேடாரைக் களமிறக்கியது. 1944 ஜூலை 13 அன்று ஜெர்மானிய விமானம் ஒன்று வழிதவறி இங்கிலாந்தின் உட்பிரிட்ஜ் தளத்தில் தரையிறங்கியது. அந்த ரேடாரை ஆராய்ந்து, பிரிட்டன் கீற்றுகளின் நீளத்தை மாற்றியது. பூனையும் எலியும் போன்ற இந்த ஓட்டத்துக்கு முடிவே இல்லை.

காட்டப்படாதவை எல்லாம் ரகசியம் அல்ல

வெளியிலிருந்து நோக்குவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. களத்துக்கு வராத ஆயுதம், பொத்திக் காக்கப்படும் வலிமையாகவும் இருக்கலாம். மூடி மறைக்கப்படும் இயலாமையாகவும் இருக்கலாம். 2015 மே மாத வெற்றி விழா அணிவகுப்பில் ரஷ்யா பெருமையுடன் காட்டிய டி-14 ‘அர்மாட்டா’ டாங்கி, 2020-க்குள் 2,300 என்ற எண்ணிக்கையில் தயாரிக்கப்படும் என்று கூறப்பட்டது. உக்ரைன் போரில் அதன் சுவடே தெரியவில்லை. அது விலை அதிகம் என்றும், பழைய வகை டி-90 டாங்கியை வாங்குவதே ராணுவத்துக்கு எளிது என்றும் ரஷ்ய அரசு ஆயுத நிறுவனத்தின் தலைவர் செர்கெய் செமேசொவ் 2024-ல் ஒப்புக்கொண்டார். எஸ்யு-57 போர் விமானத்தை ரஷ்யா தன் எல்லைக்குள் இருந்தே ஏவுகணை வீசப் பயன்படுத்துவதற்கு மூன்று காரணங்களைப் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 2023-ல் கணித்தது: தொழில்நுட்பம் எதிரியின் கைக்குப் போகும் அச்சம், பெயருக்கு வரும் இழுக்கு, ஏற்றுமதிச் சந்தையில் ஏற்படும் சரிவு. ஒரு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டால் அதை வாங்க வரிசையில் நிற்கும் நாடுகள் பின்வாங்கும். வீரனின் உயிரைவிட விற்பனைப் பட்டியல் முன்னே நிற்கும் இடம் இது.

அடுத்த போருக்கான சேமிப்பும் ஒரு காரணம். அமெரிக்கா உக்ரைனுக்கு அளித்த 31 ‘ஆப்ரம்ஸ்’ டாங்கிகளில், அதன் சொந்தப் படையின் டாங்கிகளில் உள்ள ரகசிய யுரேனியக் கவசம் இல்லை. நீண்ட தொலைவு செல்லும் ‘அட்டாகம்ஸ்’ ஏவுகணைகளை உக்ரைன் 2022 முதல் கேட்டுவந்தது. போர் தீவிரமடையும் என்ற அச்சமும், கையிருப்பு குறையும் என்ற கவலையும் சேர்ந்து தடுத்தன. 2023 அக்டோபரில்தான் அவை முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டன. அதற்குள் அந்த ஆண்டின் உக்ரைன் எதிர்த்தாக்குதல் ஓய்ந்துகொண்டிருந்தது.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. 2025 மே மாதப் போரில் பாகிஸ்தான் பயன்படுத்திய, சீனத் தயாரிப்பான பிஎல்-15 ஏவுகணையின் பாகங்கள் பஞ்சாபின் ஹோஷியார்பூரில் கிடைத்தன. சீனா பிற நாடுகளுக்கு விற்பது ஏற்றுமதிக்கென உருவாக்கப்பட்ட வகை. தன் படைக்கென வைத்திருப்பது வேறு. ஆயினும் விழுந்த பாகங்கள் இந்திய வல்லுநர்களுக்குப் பலவற்றைச் சொல்லும். நாம் பயன்படுத்திய ஆயுதங்களையும் அவ்வாறே பிறர் படித்திருப்பார்கள். நான்கு நாள் போரிலேயே இவ்வளவு வெளிப்படுமெனில், நீண்ட போரில் மறைக்க என்ன மிஞ்சும்?

பூட்டுக்கு ஒரு தேதி வேண்டும்

பூட்டிவைப்பது எல்லாம் பிழையும் அல்ல. ஜெர்மனியிடம் ‘டாபுன்’ என்னும் கொடிய நரம்பு நச்சு டன் கணக்கில் இருந்தது. நேச நாடுகளிடமும் அது இருக்கும் என்ற தவறான அச்சம், அதைக் களத்தில் பயன்படுத்தாமல் தடுத்த காரணங்களுள் ஒன்று. அந்தத் தயக்கத்தால் மனித குலம் தப்பியது. சில ஆயுதங்கள் என்றென்றும் பூட்டியே கிடப்பதுதான் நல்லது.

மற்றவற்றைப் பொறுத்தவரை, நீண்ட போர் கணக்கை மாற்றிவிடுகிறது. போர் நீள நீள, எதிரியும் தன்போக்கில் அதே கண்டுபிடிப்பை நோக்கி வருகிறான். ட்ரோன்களின் அலைவரிசைகளும் அவற்றைக் குழப்பும் கருவிகளும் சில வாரங்களில் பழசாகிவிடும் உக்ரைன் களத்தில், ஓராண்டு பூட்டிவைத்த ரகசியம் செல்லாக்காசாகிவிடலாம். 2025 ஜூன் 1 அன்று, லாரிகளில் மறைத்துக் கொண்டுசெல்லப்பட்ட 117 ட்ரோன்களைக் கொண்டு ரஷ்யாவின் உள்நாட்டு விமானத் தளங்களை உக்ரைன் தாக்கியது. ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் காத்த ரகசியம் அது. அழிந்த விமானங்களின் எண்ணிக்கை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் காத்திருப்புக்கு ஒரு நோக்கமும், செலவிட ஒரு நாளும் முன்கூட்டியே இருந்தன என்பதில் ஐயமில்லை.

வேறுபாடு அங்கேதான். ஆயுதத்தைப் பூட்டிவைக்கும் எந்த அரசும் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். எந்த நிலை வந்தால் இதைத் திறப்போம்? எதிரியும் இதைக் கண்டுபிடித்துவிட்டால் நம்மைக் காக்க என்ன செய்துகொண்டிருக்கிறோம்? இந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர்களின் சார்பில், முடிவெடுக்கும் மேசையில் பேசுபவர் யார்? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. ரகசியத்தைக் காப்பவர்களுக்கு, அது கசிந்தால் பழி வரும்; அதைப் பயன்படுத்தாததால் மடிந்தவர்களுக்காக எவர்மீதும் பழி வருவதில்லை. ஆகவே, பூட்டு எப்போதும் திறப்பைவிட எளிதாகவே இருக்கும்.

விதைநெல்லைக் காத்த குடும்பத்தை நம் ஊர்கள் போற்றின. அது விதைக்கும் நாளை அறிந்து காத்ததால்தான் அந்தப் போற்றுதல். பருவம் எதுவென்று தெரியாமல் குதிரைப் பூட்டிவைத்த வீட்டில், பசியால் போனவர்களும் திரும்பவில்லை, நெல்லும் முளைக்கவில்லை.